பிள்ளைகளின் பிளாக்ஸைப் பிரித்து வைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டில் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பாடம் முடிந்தவர்கள், வீட்டிலிருந்து ஆள் வரும் வரைக்கும் கூடத்து ஓரத்தில் இருக்கும் பிளாக்ஸ் அலமாரி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டிப் போக வரும் அம்மாக்கள், சில நாள் தாத்தாக்கள், அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றபடியே கேட்ட சந்தேகங்கள்தான் இவை. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தேன், அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். என் பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு நாலு. சொல்வதில் பாதி அவர்களிடம் கற்றது.

லெகோ, பிளாக்ஸ், கட்டை... எல்லாம் ஒண்ணுதானா மிஸ்?

வீட்டில் எல்லாவற்றையும் லெகோ என்றே சொல்கிறோம், அதில் தப்பில்லை. லெகோ என்பது ஒரு கம்பெனி. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் 1932ல் ஒரு தச்சர் மர பொம்மை செய்யத் தொடங்கியது. மேலே குமிழ், அடியில் குழாய் என்று இன்று நாம் பார்க்கிற கட்டைக்கு 1958 ஜனவரி 28ஆம் தேதி காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த வருஷத்துக் கட்டை இன்று வாங்கும் கட்டையோடு அப்படியே பொருந்தும். அதே அளவில் வேறு பல கம்பெனிகளும் செய்கின்றன, கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவைதான்.

எங்கள் ட்யூஷன் பிள்ளைகள் குமிழைப் புள்ளி என்பார்கள், கோலப் புள்ளி மாதிரி. ரெண்டுக்கு நாலு இருந்தால் எட்டுப்புள்ளி, ரெண்டுக்கு ரெண்டு நாலுபுள்ளி. உயரமாக இருப்பது கட்டை, மெலிசாக இருப்பது தட்டை. மூன்று தட்டையை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரம் வரும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு 8 மில்லிமீட்டர், கட்டை உயரம் 9.6 மில்லிமீட்டர். கீழே இந்தப் பேர்களையே வைத்துப் பேசுகிறேன்.

பாப்பாவுக்கு ரெண்டு வயசு. அண்ணனோடதையும் இவளோடதையும் ஒரே டப்பாவுல போட்டு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் பார்க்கும், ஒருபுள்ளி சாமான் தொண்டைக்குள் போகிற அளவுதான். சின்னவளுக்குப் பெரிய கட்டை தனியாக இருக்கட்டும். லெகோவிலேயே 1969ல் இருந்து டூப்ளோ என்று வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சாதாரணக் கட்டையைப் போல ரெண்டு மடங்கு. அவள் வளர்ந்த பிறகும் வீணாகாது, அண்ணனின் கட்டை அதன்மேல் பொருந்தும், அடித்தளம் போட உதவும்.

அண்ணனின் பொடிச் சாமான் இருக்கும் டப்பா மூடி போட்டதாக, அவள் கைக்கு எட்டாத தட்டில் இருக்க வேண்டும். அவன் மேஜையில் உட்கார்ந்து கட்டட்டும், அவள் தரையில். லைட் எரிகிற பிளாக்ஸ் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். அதற்குள் இருக்கும் சின்ன வட்ட பேட்டரியை விழுங்கிவிட்டால் ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஸ்க்ரூ போட்டு மூடிய பேட்டரி அறை இல்லாத எதையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே போதும், காத்திருந்து பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எத்தனை பீஸ் சேர்ந்தப்புறம் பிரிக்க ஆரம்பிக்கணும்?

எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். கட்டுகிற நேரத்தை விடத் தேடுகிற நேரம் அதிகமாகிவிட்டது, அல்லது தினமும் மொத்தத்தையும் தரையில் கொட்டித்தான் ஒன்றை எடுக்கிறான் என்றால் நேரம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு முந்நூறு பீஸ் வரைக்கும் ஒரே அகலத் தட்டு போதுமாக இருந்தது. அதற்கு முன்னால் பிரித்துப் பிரித்து வைத்தால் பெரியவர்களுக்குத்தான் வேலை.

கலர் வாரியா பிரிக்கறதா, வடிவம் வாரியா பிரிக்கறதா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். வடிவம் வாரியாக, சந்தேகமே வேண்டாம். கலர் வாரியாகப் பிரித்தால் அலமாரி பார்க்க அழகாக இருக்கும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும், நானும் முதலில் அப்படித்தான் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஆறு டப்பா வைத்தேன். ஒருநாள் பையன் பெங்களூர் ரோட்டில் கிரானைட் கல் ஏற்றிப் போகிற லாரி கட்டிக்கொண்டிருந்தான். பின்பக்கக் கதவு திறந்து மூட ஒரு கீல் வேண்டும், ரெண்டுபுள்ளி அளவு, கறுப்பு. கறுப்பு டப்பாவுக்குள் கையை விட்டான். சக்கரம் கறுப்பு, தட்டை கறுப்பு, பொம்மை ஆளின் தலைமுடி கறுப்பு, எல்லாமே கறுப்பு. கால் மணி நேரம் கிண்டினான், கடைசியில் டப்பாவைக் கவிழ்த்தான், கீல் அப்போதும் கண்ணில் படவில்லை. லாரி அன்றைக்குக் கதவில்லாமலேயே நின்றது.

காரணம் ரொம்ப எளிது. நிறம் கண்ணில் தானாகப் படும், வடிவத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கீல்கள் மட்டும் இருக்கிற டப்பாவில் எல்லாக் கலரும் கலந்து கிடந்தாலும் கறுப்புக் கீல் உடனே தெரியும். கறுப்பு மட்டும் இருக்கிற டப்பாவில் கீல் மறைந்துபோகும். சமையலறையில் கடுகு, சீரகம், மிளகு என்று பிரித்து வைக்கிறோம். மிளகும் கடுகும் கறுப்பு என்று ஒரே கிண்ணத்தில் போடுவோமா?

எங்கள் வீட்டில் இப்போது ஏழு வகை இருக்கிறது: கட்டை, தட்டை, சாய்வு (கூரை மாதிரி ஒரு பக்கம் சரிந்தது), வண்டிச் சாமான், கதவு ஜன்னல், ஆள் சாமான், பொடி. வண்டிச் சாமானில் சக்கரம், அச்சு, ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் அடக்கம். ஒன்பது வயதுப் பையன் 'எனக்கு ஒரு சக்கரம் வேணும்' என்றுதான் யோசிக்கிறான், அவன் யோசிக்கிற மாதிரியே டப்பா இருந்தால் கை நேராக அங்கே போகும். உங்கள் பிள்ளை வீடாகவே கட்டுகிறவள் என்றால் கதவு ஜன்னலை ரெண்டாகப் பிரித்து, வண்டிச் சாமானை வேறு எதோடாவது சேர்த்துவிடுங்கள். நாலு வயது என் பெண்ணுக்கு மட்டும் அவள் பெரிய கட்டையைக் கலர் வாரியாக விட்டிருக்கிறேன், அவளுக்குக் கலர் பிரிப்பதே விளையாட்டு.

ஏற்கெனவே ஒரு பக்கெட் நிறைய கலந்து கிடக்கு அக்கா. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் கொட்டுங்கள், தரையில் நேராகக் கொட்டினால் பாதி சோஃபாவுக்கு அடியில் போய்விடும். முதல் சுற்றில் உள்ளங்கையை விடப் பெரியவற்றை மட்டும் எடுங்கள்: அடித்தட்டு, நீளக் கட்டை, வண்டியின் அடிப்பாகம். ரெண்டாம் சுற்றில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில் ரெண்டு கை அள்ளிப் போட்டு, ராகி மாவு சலிக்கிற மாதிரி ஒரு தட்டின் மேல் ஆட்டுங்கள். ஓட்டை அரை அங்குலம் இருந்தால் ஒருபுள்ளிச் சாமான், மெலிசான குச்சி, ஆளின் கையில் இருக்கிற சுத்தி, தொப்பி எல்லாம் கீழே இறங்கிவிடும். எட்டுப்புள்ளி மேலேயே நிற்கும். கையால் பொறுக்கினால் ரெண்டு நாள் ஆகும் வேலை கால் மணி நேரத்தில் முடியும், பிள்ளைகளுக்கு அந்தச் சலசலச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்.

மேலே நின்றதை அப்புறம் தினம் அரை மணி நேரம், பிள்ளையோடு உட்கார்ந்து பிரியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வகை. இன்றைக்குச் சக்கரம் மட்டும், நாளைக்குச் சாய்வு மட்டும். 'எல்லாத்தையும் பிரி' என்றால் பெரியவர்களுக்கே சலிக்கும், 'சக்கரம் எத்தனை இருக்கு பார்க்கலாம்' என்றால் நாலு வயதுக் குழந்தையும் உட்காரும்.

என்ன டப்பா வாங்கறது? பெட்டிக்குப் பெட்டி ஆயிரக்கணக்குல சொல்றாங்களே.

தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விதி, ஆழம் நாலு விரலுக்கு மேல் போகக் கூடாது. ஆழமான பக்கெட்டில் அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதைக் கொட்டியே ஆக வேண்டும், அங்கேதான் வீடு முழுக்கச் சிதறுகிறது. அகலமான, ஆழம் குறைந்த டப்பாவில் கையால் தள்ளிப் பார்த்தாலே அடி தெரியும். ரெண்டாவதாக, வெளியிலிருந்து உள்ளே தெரிய வேண்டும். அரைக் கிலோ ஸ்வீட் வாங்கினால் தரும் கண்ணாடி மாதிரியான டப்பா, ரெண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, இவை போதும். ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் தெரியாது, அதனால் அந்த வகையில் ஒரு பீஸை டப்பாவின் முகப்பில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும்.

நம் ஊரில் மாங்காய், தக்காளி ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட் எல்லார் வீட்டிலும் ஒன்றிரண்டு கிடக்கும், அதில் போடலாமா என்று ராயக்கோட்டைப் பக்கத்து அப்பா ஒருவர் கேட்டார். பக்கமெல்லாம் ஓட்டை, ஒரு சாணுக்கு மேல் ஆழம், அதற்குள் நேராகப் போட்டால் சரிவராது. ஆனால் கிரேட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ரெண்டு மூன்றை அடுக்கினால் அருமையான அலமாரி. எங்கள் வீட்டு அலமாரியே அதுதான், அதற்குள் ஸ்வீட் டப்பாக்கள். அடுக்கிய கிரேட்டுகளை ஒன்றோடொன்று கயிறு போட்டுக் கட்டி, சுவர் ஓரத்தில் வையுங்கள், பிள்ளை பிடித்து ஏறினால் சாயக் கூடாது.

கண்ணு, ஸ்க்ரூ மாதிரி பொடிப் பொடியா இருக்கே, அதை எதுல வைக்கறது?

அஞ்சறைப்பெட்டியில். எவர்சில்வரில் பழசு ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். ஏழு கிண்ணம், ஒரு மூடி, மூடினால் கவிழ்ந்தாலும் அவ்வளவாகக் கலக்காது. பிள்ளை அடிக்கடி எடுப்பதை நடுக்கிண்ணத்தில் போடுங்கள். மஞ்சள் தூள் வைத்திருந்த கிண்ணத்தை மட்டும் சோப்புப் போட்டு ரெண்டு மூன்று தடவை தேய்த்து வெயிலில் காயவைத்த பிறகு போடுங்கள், வெள்ளைப் பீஸில் மஞ்சள் ஏறினால் லேசில் போகாது.

கட்டும்போது வேலைத் தட்டாக ஒரு தாம்பாளத்தைக் கொடுங்கள். விளிம்பு இருப்பதால் எதுவும் உருண்டு ஓடாது, பாதியில் சாப்பிடக் கூப்பிட்டால் அப்படியே தூக்கி மேலே வைத்துவிடலாம்.

வாடகை வீடு, ரெண்டே ரூம். அலமாரிக்கு இடமே இல்லைங்க.

அப்படியானால் துணி. ஐந்தடி விட்டத்தில் வட்டமாக வெட்டிய கெட்டியான காடாத் துணி, விளிம்பு மடித்துத் தைத்து, உள்பாவாடைக்குக் கோர்க்கிற மாதிரி நாடா கோர்க்க வேண்டும். விரித்தால் விளையாடுகிற பாய், நாடாவை இழுத்தால் மூட்டை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடலாம். துணி பர்கூர் கடைகளில் எடுத்தேன், எங்கள் தெரு டைலர் அக்கா அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார்கள். சுற்றளவு பதினாறு அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும், நாடாவைப் பதினேழு அடிக்கு வாங்குங்கள்.

மூட்டைக்குள் எல்லாம் கலந்துதான் கிடக்கும். அதனால் பொடியையும் ஆள் சாமானையும் மட்டும் ஜிப் கவரில் போட்டு அதே மூட்டைக்குள் வையுங்கள். இந்த ஒரு பிரிவே பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

கழுவலாமா? கழுவினா வெள்ளை வெள்ளையா படியுது மிஸ்.

கழுவலாம். கைசூடு தாங்குகிற வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட், பத்து நிமிஷம் ஊறினால் போதும். புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் அழுக்குக்குப் பழைய டூத் பிரஷ். கொதிக்கிற தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிட்டால் பிறகு பொருந்தாது. பேட்டரி, மோட்டார், லைட் உள்ள பீஸைத் தண்ணீர் பக்கமே கொண்டு போகக் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டியதை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அந்த வெள்ளைப் படிவு நம் போர்த் தண்ணீரால். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் நிலத்தடித் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வாளியில், குழாய் முனையில் படிகிற அதே சுண்ணாம்புதான் பீஸிலும் படிகிறது. (ஃப்ளோரைடுதான் அப்படிப் படிகிறது என்று ஒரு பாட்டி சொன்னார்கள். நம் மாவட்டத் தண்ணீரில் ஃப்ளோரைடு பெரிய பிரச்சினை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் இந்த வெள்ளை வேறு.) சோப்புப் போட்டு அலசுவதைப் போர்த் தண்ணீரில் செய்யுங்கள், கடைசி ஒரு அலசலை மட்டும் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ செய்யுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் போய்விடும்.

வாஷிங் மெஷின்ல போட்டுடலாமா? மொட்டை மாடியில காய வைக்கலாமா?

ரெண்டும் வேண்டாம். மெஷினில் உருண்டு உருண்டு கீறல் விழும், பொடி டிரம்முக்குள் போய்ச் சிக்கும். மாடியில் சித்திரை வெயிலில் போட்டால் நிறம் போகும். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் துண்டின் மேல், புள்ளி மேல்பக்கம் இருக்கும்படி பரப்புங்கள், அடியில் இருக்கும் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் வடியட்டும். ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகே மூடி போட்ட டப்பாவுக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை வாடை வரும்.

வெள்ளைப் பீஸ் எல்லாம் மஞ்சளாயிடுச்சே, பழசாயிடுச்சா?

1963 முதல் லெகோ கட்டைகள் ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக்கில் வருகின்றன, மற்ற நல்ல கம்பெனிகளும் அதையேதான் பயன்படுத்துகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது மெல்ல மஞ்சளாகும், வெள்ளையிலும் நீலத்திலும் முதலில் தெரியும். ஜன்னலோர அலமாரியில் வைத்திருந்தீர்களா என்று பாருங்கள், முதல் வேலை அங்கிருந்து மாற்றுவது. விளையாட இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்க வைத்து வெளிச்சத்தில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். பெரியவர்கள் கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. கொஞ்ச காலத்தில் மறுபடி மஞ்சளாகலாம் என்பதால் நான் ரெண்டு மூன்று முக்கியமான பீஸுக்கு மட்டும்தான் செய்தேன்.

ரெண்டு தட்டை ஒட்டிக்கிட்டுப் பிரியவே மாட்டேங்குது. பையன் பல்லால கடிக்கிறான்.

பல்லுக்கும் கெடுதல், பீஸுக்கும் கெடுதல். செட்டோடு ஆரஞ்சு நிறத்தில் சப்பையாக ஒரு கருவி வந்திருக்கும், பலர் அதை என்ன பீஸ் என்று தெரியாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிரிக்கிற கருவி அதுதான். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ரெண்டு கருவி மாட்டி எதிரெதிராக அழுத்தினால் எவ்வளவு இறுகிய தட்டையும் விடும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், ஒட்டிய தட்டைகளின் மேல் ஒரு எட்டுப்புள்ளிக் கட்டையை ஓரமாகப் பொருத்தி, அதைப் பிடித்து நெம்புங்கள். கத்தி மட்டும் வேண்டாம், பீஸின் விளிம்பு சிதைந்தால் அப்புறம் எங்கேயும் சரியாக உட்காராது.

செட்டா வாங்கினதை செட்டாவே வைக்கணுமா, கலந்துடலாமா?

முதல் தடவை கட்டி முடித்து, ஒரு மாதம் விளையாடிய பிறகு கலந்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. ரெண்டாவது தடவை அதே செட்டை அதே மாதிரி கட்டுகிற பிள்ளைகள் குறைவு, அந்த பீஸ்கள் மற்றதோடு சேரும்போதுதான் அவன் சொந்தமாக ஏதாவது யோசிக்கிறான். ரொம்பப் பிடித்த ஒரு செட், அல்லது மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்றால் அதை மட்டும் தனி ஜிப் கவரில் போட்டு, அட்டைப் பெட்டியின் முகப்பை வெட்டி உள்ளே வையுங்கள்.

புத்தகம் தொலைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். லெகோ செட் என்றால் பெட்டியில் இருக்கும் செட் எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டால் கட்டும் முறை முழுக்க இலவசமாகக் கிடைக்கும். எண்ணை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைஞ்ச வேற கம்பெனி பீஸும் இருக்கு. கலக்கலாமா?

அளவு பொருந்தினால் கலக்கலாம். சிலது லூஸாக இருக்கும், சிலது பிடித்துக்கொண்டு விடாது. புதிதாக வந்ததில் பத்துப் பீஸை எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கட்டையில் மாட்டிக் கழற்றிப் பாருங்கள், லூஸாக இருப்பவற்றைத் தனி டப்பாவில் 'அலங்காரம்' என்று போட்டுவிடுங்கள். பாரம் தாங்காத இடத்தில் அவை உதவும். கலந்துவிட்டால் பையன் கட்டுகிற பாலம் ஏன் இடிகிறது என்றே அவனுக்குப் புரியாது, தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வான்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

கட்டி வச்சதைக் கலைக்கச் சொன்னா அழுவுறான். வீடு பூரா வண்டியா நிக்குது.

அழுவதில் நியாயம் இருக்கிறது, அவன் உழைப்பு அது. கலைக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு இடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் டிவிக்கு மேல் இருக்கும் ஸ்லாப் 'ஷோரூம்', அதில் நாலு பொருள்தான் நிற்கலாம். ஐந்தாவது வர வேண்டும் என்றால் எது இறங்க வேண்டும் என்று அவனே முடிவு செய்வான். இறக்குவதைக் கலைப்பதற்கு முன் போனில் முன், பின், பக்கம் என்று மூன்று போட்டோ எடுத்துவிடுவோம். கிரானைட் லாரி (கதவோடு, கீல் பிறகு கிடைத்தது) ஏழு மாதம் ஷோரூமில் நின்றது. அப்புறம் ஒருநாள் யாரும் சொல்லாமலே அவன் இறக்கிக் கலைத்தான், அதன் சக்கரம் டிராக்டருக்கு வேண்டியிருந்தது.

ராத்திரி எடுத்து வைடான்னா காதுலயே விழாது. என்ன பண்ணறது அண்ணி?

பெரும்பாலும் பிரிவு அதிகமாகிவிட்டதுதான் காரணம். பதினைந்து டப்பாவில் சரியாகப் போட வேண்டும் என்றால் களைத்த பிள்ளைக்கு முடியாது. 'அவசர டப்பா' ஒன்று வையுங்கள். தூக்கம் வந்தால் எல்லாவற்றையும் அதில் வாரிப் போட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் உட்கார்ந்து பிரித்தால் போதும். தினம் ராத்திரி தரை காலியாக இருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம், ஏனென்றால் இருட்டில் எட்டுப்புள்ளி மேல் கால் வைத்த பாட்டி தடுமாறி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன், புரிந்துகொண்டார்கள்.

காலையில் பெருக்கும்போது கிடைப்பதற்கு ஜன்னல் திட்டில் ஒரு பழைய டம்ளர். முறத்தில் வந்த பீஸ் குப்பைக்குப் போகாமல் டம்ளருக்குப் போகும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். டம்ளர் நிறைந்தால் அவசர டப்பாவுக்கு.

ஒரே ஒரு பீஸ் காணோம்னு ஒப்பாரி. எப்படித் தேடறது?

லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையில் படுக்கவைத்து அடியுங்கள். ஒருபுள்ளித் தட்டைக்கும் நீளமான நிழல் விழும், மூலையில் இருப்பது கூடத் தெரிந்துவிடும். வேக்குவம் கிளீனர் இருந்தால் குழாய் வாயில் மெல்லிய துணியை ரப்பர் பேண்டால் கட்டிக் கட்டிலுக்கு அடியில் விட்டால் பீஸ் துணியில் ஒட்டி நிற்கும். அதற்கும் முன்னால் கட்டியதைப் பிரித்துப் பாருங்கள், ரெண்டாக மாட்டிவிட்டிருப்பான்.

மாரியம்மன் பண்டிகைக்கு சொந்தக்காரப் பிள்ளைங்க வந்தா எல்லாத்தையும் கலைச்சுட்டுப் போயிடுறாங்க.

மேலே சொன்ன நாடா மூட்டையில் வெறும் கட்டையும் தட்டையும் மட்டும் ஒரு இருநூறு போட்டு, அதை விருந்தாளி மூட்டையாக வைத்துவிடுங்கள். மற்றது அன்றைக்கு மட்டும் பீரோவுக்கு மேல். ஷோரூமைத் தொடலாமா கூடாதா என்பதைப் பையனே சொல்லட்டும்.

பீஸ் பத்தலைன்னு தினமும் கேக்குறான். இன்னும் வாங்கித் தரணுமா?

ஒரே கலரில் ஆறே ஆறு எட்டுப்புள்ளிக் கட்டையை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதை ட்யூஷனில் சொன்னபோது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டை எடுத்து ரெண்டு கட்டைக்கு எத்தனை என்று வரைய ஆரம்பித்துவிட்டான். விடை 24, அவன் ரெண்டு நாளில் கண்டுபிடித்தான்.

'பத்தலை' என்று சொல்லும்போது எது என்று கேளுங்கள். சக்கரமா, அடித்தட்டா? பிரித்து வைத்திருந்தால் எந்த டப்பா காலியாக இருக்கிறது என்று அவனே காட்டுவான். பல தடவை பீஸ் இருக்கும், பழைய வண்டி ஒன்றில் மாட்டியிருக்கும்.

பெரியவன் விளையாடறதை விட்டுட்டான். சின்னவளுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வேணும். பரண்ல போட்டுடலாமா?

மேல் தளம் வெயில் ஏறுகிற வீடு, ஷீட் போட்ட வீடு என்றால் பரண் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் வையுங்கள். கட்டியதை எல்லாம் பிரித்து, கழுவி (மேலே சொன்ன மாதிரி), நன்றாகக் காயவைத்து, வகைக்கு ஒரு ஜிப் கவர் என்று மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள். பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தால் எறும்பு வரும், எறும்பு வந்தால் பின்னாலேயே பல்லியும் வரும். பேட்டரி எதிலாவது இருந்தால் மறக்காமல் கழற்றுங்கள், ரெண்டு வருஷத்தில் கசிந்து உள்ளே அரித்துவிடும். அட்டைப் பெட்டியாகத் தரையில் வைக்காதீர்கள், கரையானுக்கு அது போதும்.

டப்பாவின் மேல் அவன் பேரை எழுதி, என்னென்ன இருக்கிறது என்று ஒரு சீட்டும், பழைய போட்டோ ரெண்டும் உள்ளே போடச் சொல்லுங்கள். என் பையன் அவன் முதல் கட்டைகளை மூட்டை கட்டித் தங்கைக்கு வைத்திருக்கிறான். சீட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறான்: 'கீல் மொத்தம் 5. தொலைக்காதே.'